உமி டொக்டர்

கலாநிதி ஜஸ்லாவின் வீடு எதுவென்று மாத்தளை கொங்காவெலயில் விசாரித்தால் நாலு பேர் நின்று யோசிப்பார்கள். "உமி டொக்டர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள். கோழிக்கடைக்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்து, "அந்தா, மூட்டை அடுக்கியிருக்கிற கேட்" என்று காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

ஜஸ்லா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். நெல் உமியைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலில் இருந்து பற்றரிக்கு வேண்டிய சிலிக்கனை எடுப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வுகூடத்தில் மூட்டை வைக்க இடமில்லை. அதனால் உமி வீட்டு முற்றத்தில் இருந்தது. வேண்டிய அளவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிக்கொண்டு காலை ரயிலில் போவாள். ஒருநாள் டப்பாவின் மூடி கழன்று பெட்டி முழுக்க உமி பறந்தபோது, எதிரே இருந்த பாடசாலை அதிபரின் தலையிலும் கொஞ்சம் உட்கார்ந்தது. பெயர் அன்றைக்கு நிலைத்தது.

இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட மற்றவர்கள் எல்லோரும் உமியைச் சுடுவதற்கு முன் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவுவார்கள். உமியில் இருக்கிற பொட்டாசியத்தைப் போக்கத்தான் அந்தப் பாடு. அது தங்கிவிட்டால், சூட்டில் சாம்பல் உருகி, பஞ்சுபோல் இருக்கவேண்டிய நுண்துளைகள் அடைத்துப் போகும். ஜஸ்லா அமிலத்தைத் தொடவில்லை. அதற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல. ஆய்வுகூடத்தில் அமிலப் புகையை வெளியே இழுக்கும் விசிறி பழுதாகி ஒன்றரை வருடமாகியிருந்தது. சரி, கழுவாமலே சுட்டுப் பார்ப்போம் என்று சுட்டாள். சாம்பல் மல்லிகைப் பூப்போல வெள்ளையாக வந்தது. அதிலிருந்து செய்த பற்றரி இருநூறு தடவை மின்னேற்றி இறக்கியும் களைக்கவில்லை.

உமி வந்தது வில்கமுவையில் இருந்து. ஜஸ்லாவின் கணவர் றினோஸ் சீமெந்தும் கூரைத் தகடும் ஏற்றிக்கொண்டு லொறியில் அந்தப் பக்கம் போகிறவர். அங்கே புஹாரி ஹாஜியாரின் அரிசி மில்லில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்திருந்தார். ஜஸ்லா ஓர் ஆய்வுச் சஞ்சிகைக்கு அனுப்பிய கட்டுரையில், வில்கமுவ மண்ணின் இயல்பாலும் மகாவலி நீரின் தன்மையாலும் அங்கத்தைய உமியில் பொட்டாசியம் இயற்கையிலேயே குறைவு என்று எழுதினாள். ஒரு கருத்தரங்கில் மேடையேறியும் சொன்னாள். பத்திரிகை ஒன்று 'வில்கமுவ மண்ணின் மகிமை' என்று தலைப்புப் போட்டு அவள் படத்தோடு செய்தி வெளியிட்டது.

செப்டெம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, ரயில் உக்குவெலையைத் தாண்டும்போது, சஞ்சிகையில் இருந்து மின்னஞ்சல் வந்தது. பக்கத்தில் அனுஷியா உட்கார்ந்திருந்தாள். எல்கடுவ தோட்டத்துக்காரி, ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். உலையின் மூச்சை வைத்தே சூடு எவ்வளவு என்று சொல்லக்கூடியவள்.

"மிஸ், நாலு தடவ படிச்சாச்சு. அஞ்சாவது தடவ எழுத்து மாறிடுமா?" என்றாள்.

ஜஸ்லா தொலைபேசியை நீட்டினாள். கட்டுரையை மதிப்பிட்ட இரண்டு பேரில் முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் எழுதியது மூன்றே வரி. 'சுவையான முடிவு. ஆனால் எல்லாம் ஒரே மூட்டையில் இருந்து எடுத்தவை. வேறு மூட்டைகளில் செய்து காட்டுங்கள்.'

"நியாயமாத்தானே கேட்டிருக்காரு?"

"அதுதான் பிரச்சினை" என்றாள் ஜஸ்லா.

பிரச்சினை என்னவென்று அனுஷியாவுக்கும் தெரியும். முதல் மூட்டை முடிந்துபோய் ஐந்து மாதம். இரண்டாவது, மூன்றாவது மூட்டைகளும் புஹாரி ஹாஜியாரின் மில்லில் இருந்துதான் வந்தன. அவற்றைச் சுட்டால் சாம்பல் வெள்ளையாகவும் இல்லை, முழுக்கக் கறுப்பாகவும் இல்லை. பொரிந்து கருகிய அப்பளத்தைப் பொடித்தது மாதிரி, இடைக்கிடை கண்ணாடி மணியாக உருகி, உமியை வைத்துச் சுடும் கிண்ணமான புடக்குகையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்பது தடவை சுட்டார்கள். ஒன்பது தடவையும் அதே கதை.

ஜஸ்லா முதலில் உலையைச் சந்தேகித்தாள்.

"ஒலையக் கொறை சொல்லாதீங்க மிஸ்" என்றாள் அனுஷியா. "மனுசன நம்பாட்டியும் அத நம்பலாம்."

உலைக்குள் மூன்று இடங்களில் வெப்பமானி வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லை. அனுஷியா அந்த அளவீட்டுத் தாளின் மேல் சிவப்புப் பேனையால் 'நிரபராதி' என்று எழுதி உலைக் கதவில் ஒட்டினாள். பிறகு புடக்குகையைச் சந்தேகித்தார்கள், தராசைச் சந்தேகித்தார்கள், வீட்டு முற்றத்தில் பூனை மூட்டையின் மேல் படுப்பதையும் சந்தேகித்தார்கள். ஜஸ்லா தன் நோட்டுப் புத்தகத்தில் 'பூனை?' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். அவ்வளவு தூரத்துக்கு நிலைமை போயிருந்தது.

உமியில் என்னென்ன இருக்கிறதென்று அளக்கும் எக்ஸ் கதிர் இயந்திரம் இருந்தது கொழும்பில். மாதிரிகளை அனுப்பி வரிசையில் காத்திருந்த முடிவு செப்டெம்பர் கடைசியில்தான் வந்தது. புதிய மூட்டைகளில் பொட்டாசியம், முதல் மூட்டையைவிடப் பத்து மடங்கு.

"பத்து மடங்கு" என்று அன்று பின்னேரம் றினோஸிடம் சொன்னாள். அவர் பாலில்லாத பிளேன்டியை ஊதிக்கொண்டிருந்தார். "ஒரே மில். ஒரே சாதி நெல்லு. எப்படி ரெண்டு வகை உமி வரும்?"

"எனக்கென்ன தெரியும்? ஹாஜியார் தந்தார், நான் ஏத்தினேன்."

"மொதல் தடவையும் அவரே தந்தாரா?"

றினோஸ் யோசித்தார். "இல்ல. மொதல் தடவ அவர் ஆளுக்கிட்ட சென்னார், ஆள் கொண்டாந்து போட்டான். பொறகுதான் அவரே நிண்டு பாத்துக் கட்டினார். உங்கட படம் பேப்பர்ல வந்த பொறகு அந்த மனுசன் எனக்கே கதிரை போடுறார், தெரியுமா?"

அடுத்த வியாழக்கிழமை ஜஸ்லாவும் அனுஷியாவும் லொறியில் ஏறினார்கள். றினோஸ் ஓட்டினார். மூன்று பேருக்கு முன்சீட்டு போதவில்லை. கியரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அனுஷியா முழங்காலை ஒதுக்கவேண்டியிருந்தது. நாவுலயில் திரும்பி, மலை இறங்கி, வயல்வெளிக்கு வர மூன்று மணித்தியாலம் ஆயிற்று. அறுவடை முடிந்த காலம். வீதியோரத்தில் நெல் காய்ந்தது. உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் லொறி ஊர்ந்தது.

புஹாரி ஹாஜியார் மில் வாசலிலேயே நின்றார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் தவிடு படிந்திருந்தது. உள்ளே, நெல் நிறுக்கும் தராசுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜஸ்லாவின் பத்திரிகைச் செய்தி தொங்கியது. அதற்குக் கீழே சுவரோடு சேர்த்து நாலு புதுச் சாக்குகள், வாய் தைத்து நின்றன. ஒவ்வொன்றிலும் நீல மையால் 'டொக்டருக்கு' என்று எழுதியிருந்தது.

"வாங்க மகள், வாங்க. வருவீங்கண்டு தெரிஞ்சிருந்தா மில்ல கழுவி வெச்சிருப்பேன்" என்றார். தெம்பிலி இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிஸ்கட் வந்தது. அனுஷியாவுக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். பத்து நிமிடம் மழை, யானை, நெல் விலை எல்லாம் பேசினார். ஜஸ்லா பொறுத்திருந்து கேட்டாள்.

"ஹாஜியார், ரெண்டாவது மூட்டை எங்கிருந்து எடுத்தீங்க?"

"இங்கிருந்துதான். மிஷின்ல இருந்து நேரா. நானே ரெண்டு தடவ அரிச்சு, பாயில காயப்போட்டு, புதுச் சாக்குல கட்டினேன். ஒரு சொட்டு மழை படல்ல."

"மொதல் மூட்டை?"

"அதுவும் இங்கிருந்துதான்."

"இங்கேண்டா?"

ஹாஜியார் மின்விசிறியைப் பார்த்தார். றினோஸைப் பார்த்தார். "சத்தியம் பண்ணச் செல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அப்பச் சரி." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மகள், கோவிக்கப்படாது. அண்டைக்கு இவர் வந்து, ஒரு மூட்டை உமி வேணும், பொஞ்சாதி கேட்டாள்ண்டார். வேற ஒண்டும் செல்லல்ல. நான் நெனச்சேன் கோழிக்கூட்டுக்குப் போடவாக்கும்ண்டு. கோழிக்கு என்னத்துக்குப் புது உமி? பின்னுக்கு ரெண்டு வருசமாக் கெடந்து மக்குற குவியல்ல இருந்து அள்ளிக் குடுக்கச் சென்னேன். பொறகு பேப்பர்ல படத்தப் பாத்தேனா? யா அல்லாஹ், ஒரு டொக்டருக்குக் குப்பைய அனுப்பியிருக்கேனேண்டு மூணு நாள் சோறு எறங்கல்ல. அதுக்குப் பொறகு உங்களுக்கு அனுப்பினது எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற மாதிரி."

அனுஷியாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள்.

"மரியாதை கூடிப்போயி ஆராய்ச்சி கெட்டுருச்சு, மிஸ்!"

"நீ என்னத்துக்கு உமி வேணும்ண்டு ஏன் செல்லல்ல?" என்று ஹாஜியார் றினோஸைப் பிடித்தார்.

"பற்றரி செய்யண்டு சென்னா நீங்க நம்பியிருப்பீங்களா?" என்றார் றினோஸ்.

ஹாஜியார் நேர்மையாக யோசித்து, "இல்ல" என்றார்.

ஜஸ்லா ஏற்கெனவே எழுந்து நின்றாள். "அந்தக் குவியலக் காட்டுங்க."

மில்லுக்குப் பின்னால், வாய்க்காலுக்குப் போகும் சரிவில் அது கிடந்தது. பாதியைச் செங்கல் சூளைக்காரர்கள் அள்ளிப் போயிருந்தார்கள். மிச்சம் ஆள் உயரத்துக்கு, மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் பூத்திருந்தது. ஜஸ்லா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கையில் அள்ளிப் பார்த்தாள், பொன்னிறம் போய்விட்டிருந்தது. எதற்காகப் பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். குவியலின் அடியில் இருந்து மழைநீர் ஓடிய தடம் ஒரு சிறு வடிகான் மாதிரி இறங்கியது. அந்தக் கான் முடியும் இடத்தில் ஏழெட்டு வாழைகள். அவற்றில் ஒன்றின் குலை, மரத்தையே வளைத்து, இரண்டு கவட்டைக் கம்புகளில் சாய்ந்து நின்றது.

"இந்த வாழைக்கு என்ன உரம் போடுறீங்க?"

"அதுக்கா? ஒண்டும் போடுறல்ல. அது தன் பாட்டுல காய்க்குது. இந்தப் பக்கத்துலயே இப்படிக் குலை இல்ல. எல்லாரும் கன்று கேக்குறாங்க."

ஜஸ்லா குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழை எதைத் தின்று கொழுக்கும் என்று உரக்கடைக்காரனைக் கேட்டாலே சொல்வான். பொட்டாஷ். இரண்டு மாரிமழையும் குவியலில் இறங்கி, உமியில் இருந்த பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கான் வழியாக வாழைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் அமிலத்தைக் காய்ச்சிச் செய்கிற வேலையை இங்கே மழை ஓசைப்படாமல் செய்து முடித்திருக்கிறது.

"உரம் போட்டிருக்கீங்க ஹாஜியார். உங்களுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னாள். ஹாஜியார் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப மண்ணு?"

ஜஸ்லாவின் சிரிப்பு நின்றது.

"எங்கட மண்ணுலதான் விசேசம்ண்டு பேப்பர்ல போட்டிருந்திச்சே. நான் வாரவன் போறவனுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறேன்."

அந்த வரியை எழுதியவள் அவள்தான். மண்ணை ஒரு கரண்டியாவது எடுத்துச் சோதித்துப் பார்த்தாளா? இல்லை. காரணம் ஒன்று தேவைப்பட்டது, அது கேட்க அழகாக இருந்தது, எழுதிவிட்டாள். மேடையில் அதைச் சொன்னபோது கைதட்டலும் வந்தது. இப்போது, உமிக் குவியலின் மேல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தபோது, காது சுட்டது.

"மண்ணு மத்த மண்ணு மாதிரித்தான், ஹாஜியார். அது நான் விட்ட பிழை. சோதிச்சுப் பாக்காம எழுதிட்டேன். நான் திருத்தி எழுதத்தான் வேணும்."

ஹாஜியார் வயலைப் பார்த்தார். பிறகு, "திருத்துங்க" என்றார். "கள்ளத் தராசு வெச்ச மாதிரி ஆகப்படாது. ஆனா, என்ட குப்பையாலதான் வந்திச்சுண்டு கட்டாயம் போடோணும். அதுலயாவது பேர் வரட்டும்."

அவரும் மில் ஆட்களும் சேர்ந்து பழைய குவியலில் மூன்று மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். புதுச் சாக்குகள் நாலையும் ஏற்றாமல் விடமாட்டேன் என்று நின்றார். அவற்றையும் ஏற்றினார்கள்.

திரும்பும் வழியில் நாலந்தாவில் பிளேன்டிக்கு நிறுத்தினார்கள். ஜஸ்லா மீன் அடைத்த மாலுபாணைத் தொடாமல் தொலைபேசியில் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினாள். கட்டுரையில் நான் கொடுத்த விளக்கம் தவறு. உமி மழையில் கழுவப்பட்டது என்று நினைக்கிறேன். செய்து காட்ட மூன்று மாதம் வேண்டும். முடியாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

றினோஸ் எட்டிப் பார்த்தார். "அனுப்ப முந்தி ஒருக்கா யோசிச்சுப் பாருங்களேன்."

"யோசிச்சா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பழைய குவியல் உமியைச் சுட்டார்கள். வெள்ளையாக வந்தது. ஆனால் அது மட்டும் போதாது. மழைதான் காரணம் என்பதை மழையை வைத்தே காட்டவேண்டும். ஜஸ்லா வீட்டு மொட்டைமாடியில் அடியில் ஓட்டை போட்ட மூன்று தட்டுகளும் அவற்றின் கீழே போத்தல்களும் வைத்தாள். மூன்றிலும் ஹாஜியாரின் 'டொக்டருக்கு' உமி. ஒன்று தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே, நனையாமல். ஒன்று குழாய்த் தண்ணீரில் கழுவுவதற்கு. மற்றது வானம் பார்த்தபடி.

வானம் அவளைப் பார்க்கவில்லை. ஒக்டோபர் பிறந்து ஒரு கிழமை ஆகியும் ஒரு துளி விழவில்லை. குழாய்த் தட்டின் வேலை மும்முரமாக நடந்தது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கி காலியாகி, றினோஸ் தலையில் சவர்க்கார நுரையோடு குளியலறைக்குள் இருந்து கத்தினார். கோழிக்கடைக்காரர் ஒவ்வொரு காலையும், "டொக்டர், இண்டைக்கு மேகம் எப்படி?" என்று விசாரித்தார். துணி காயப்போட்ட பெண்கள் எல்லோரும் வெயிலுக்கு நன்றி சொன்னபோது ஜஸ்லா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"மழ வேணும்னா எங்க முத்துமாரியம்மன்கிட்டதான் கேக்கணும் மிஸ்" என்றாள் அனுஷியா ரயிலில். "பேர்லயே மாரி இருக்கு. நான் ஒரு அர்ச்சனை போட்டுர்றேன்."

"ஹாஜியாரும் துஆ கேக்குறாராம். போன் பண்ணிச் சென்னார்."

"அப்ப ரெண்டு பக்கமும் மனு போயிருச்சு. ஃபைல் எப்ப கையெழுத்தாகுதுன்னு பாப்போம்."

தட்டுகள் வைத்த பதினேழாம் நாள் பின்னேரம் மழை வந்தது. சாதாரண மழை அல்ல. மாத்தளை பஸ் நிலையத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஜஸ்லா குடையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள், தனக்காக அல்ல, படங்கு பறக்காமல் பிடிக்க. தட்டின் ஓட்டை வழியாக உமிநீர் பிளேன்டி நிறத்தில் சொட்டி, போத்தலில் விழுவதை நனைந்துகொண்டே பார்த்து நின்றாள். றினோஸ் படிக்கட்டில் துவாயோடு காத்திருந்தார். யார் கேட்டதால் மழை வந்தது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

பிறகு விடாமல் ஐந்து கிழமை பெய்தது. ஒவ்வொரு கிழமையும் ஒரு கைப்பிடி எடுத்துச் சுட்டார்கள். முதல் கிழமை கறுப்புப் புள்ளிகள் குறைந்தன. மூன்றாவது கிழமை கண்ணாடி மணிகள் இல்லை. ஐந்தாவது கிழமை அனுஷியா உலைக் கதவைத் திறந்து, இடுக்கியால் புடக்குகையை எடுத்து, ஜஸ்லாவின் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளை. நனையாத உமி பழையபடி கருகி ஒட்டியது. குழாய்த் தண்ணீர் உமி நடுத்தரம். கேத்தல் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு அதிலும் படிந்திருந்தது. வெள்ளைச் சாம்பலில் சிலிக்கன் எடுத்துச் செய்த பற்றரிகள் மூன்றும், மூன்று வெவ்வேறு மூட்டைகளில் இருந்து வந்தவை, நூறு தடவை தாண்டியும் விழவில்லை.

ஜஸ்லா கட்டுரையை முதல் வரியில் இருந்து மாற்றி எழுதினாள். மண்ணைப் பற்றிய பந்தி போயிற்று. மழையும், குவியலும், தட்டில் இருந்து வடிந்த நீரின் அளவீடும் வந்தன. நன்றியுரையில் புஹாரி ஹாஜியாரின் பெயரும் மில்லின் பெயரும் இருந்தன. ஹாஜியார் தொலைபேசி இலக்கத்தையும் போடச் சொன்னார். முடியாது என்று விளக்க ஜஸ்லாவுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

ஜனவரியில் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டாவது மதிப்பாய்வாளர் இம்முறையும் குறைவாகத்தான் எழுதியிருந்தார். 'முதல் கட்டுரையைவிட இது நல்லது. தவறைச் சொன்ன விதத்துக்கு நன்றி.'

அன்று பின்னேர ரயிலில் அனுஷியா அந்த வரியை ஜஸ்லாவின் தொலைபேசியில் வாசித்தாள். "மூணு மாசம் நம்மள அலையவிட்ட மனுசன். நேர்ல பாத்தா நல்லா ரெண்டு வார்த்த கேக்கணும்னு இருந்தேன். இப்ப எப்படிக் கேக்குறது?" என்று திரும்பினாள்.

ஜஸ்லா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அனுஷியா எழுப்பவில்லை. மாத்தளைதான் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டி ரயில் போக இடமில்லை.